புதுச்சேரிக்கு ஒன்று

2025 மார்ச் 22, சனிக்கிழமை. கிருமாம்பாக்கம் மெயின் ரோட்டில், கடலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் மு.க. ஸ்டாலின் கூட்டிய கூட்டம். பினராயி விஜயன், ரேவந்த் ரெட்டி, பகவந்த் மான் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தொகுதி மறுவரையறை வந்தால் எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்று திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்பது, எண்பது, இருபது என்று எண்கள்.

என் பக்கத்தில் மாமா. அம்மா வழியில் தூரத்துச் சொந்தம், எண்பத்து நான்கு வயது. காது கொஞ்சம் மந்தம், ஆனால் எண்கள் மட்டும் தப்பாது. பாகூர் ஏரிப் பாசனத்தில் யாருக்கு எத்தனை குழி என்று இன்றும் சொல்வார்.

“ஏம் மாப்ள, அவங்க முப்பத்தொம்பது முப்பத்தொம்பதுன்றாங்களே, நமக்கு எத்தினி?”

“ஒண்ணு மாமா.”

“கூட்டுனா?”

“கூட்டுனாலும் ஒண்ணுதான்.”

“கொறச்சா?”

“அப்பவும் ஒண்ணுதான்.”

டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். “பிரெஞ்சுக்காரன் இருந்தப்பவும் ஒண்ணுதான? எங்கப்பாரு பாரீசுக்கு ஓட்டுப் போட்டாரே.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. ஒரு நாட்டின் அவையில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சண்டை நடக்கும்போதெல்லாம் பெரிய மாநிலங்களின் கணக்கைத்தான் பார்க்கிறோம். ‘ஒன்று’ என்று மட்டுமே வாங்கிப் பழகிய ஊரிலிருந்து பார்த்தால் அந்தச் சண்டை எப்படித் தெரியும்? அன்றிலிருந்து அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

கதை 1848இல் தொடங்குகிறது. அந்த வருஷம் பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி. மன்னர் ஓடிப்போனார், குடியரசு வந்தது. புதிய அரசியல் சட்டம் எழுத 900 பேர் கொண்ட அவை என்று முடிவானது. ஏப்ரல் 27ஆம் தேதி அடிமை முறையை ஒழித்து ஆணை போட்டார்கள். அதே நாளில் காலனிகளிலிருந்து யார் யார் அந்த அவைக்கு வரலாம் என்றும் வகுத்தார்கள். மார்த்தினிக்குக்கு மூன்று, குவாதலூப்புக்கு மூன்று, ரெயூனியனுக்கு மூன்று, கயானாவுக்கு ஒன்று, செனகாலுக்கு ஒன்று, இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளுக்கு ஒன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு. நம்முடைய ‘ஒன்று’ பிறந்தது அங்கேதான்.

ஓட்டுப் போடும் தகுதி இன்னும் வியப்பானது. செனகாலிலும் இந்தியாவிலும் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் குடியிருந்ததைக் காட்டினால் போதும், பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்று வேண்டாம் என்று அந்த ஆணை சொன்னது. முள்ளோடையைத் தாண்டினால் ஆங்கிலேயன் சீமை. அங்கே ஒரு ஜமீன்தாருக்குக்கூட லண்டன் அவைக்கு ஓட்டுக் கிடையாது. பல கோடிப் பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியாவுக்கு லண்டனில் ஒதுக்கிய இடம் கடைசிவரை சுழியம்தான். 1892இல் தாதாபாய் நௌரோஜி உள்ளே போனார் என்றால், அது லண்டனின் ஃபின்ஸ்பரி தொகுதிக்காரர்களின் உறுப்பினராக. நம்மூர் உழவனுக்குக் காகிதத்திலாவது ஓட்டு இருந்தது.

ஆனால் அந்த ஒன்று நிலைக்கவில்லை. 1849இல் பிரெஞ்சு அவையை 900இலிருந்து 750ஆகக் குறைத்தார்கள். லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த பிறகு, 1852இல் 261ஆகச் சுருக்கினார். ஒரு உறுப்பினருக்கு முப்பத்தைந்தாயிரம் வாக்காளர் என்று கணக்கு. காலனிகளுக்கு இடமே இல்லை. நான்கே வருஷத்தில் 900, 750, 261. சின்ன அவை என்றால் செலவு குறைவு, கூச்சல் குறைவு என்று இன்றும் சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு இந்த 261 ஞாபகம் வருகிறது. அவையைச் சுருக்கியவருக்கு வேண்டியிருந்தது சிக்கனம் அல்ல, அமைதி. பந்தி சுருங்கினால் கடைசி இலைக்காரன்தான் முதலில் எழ வேண்டியிருக்கும்.

இரண்டாம் நெப்போலியன் ஆட்சி என்று சிலர் தவறாக எழுதுகிற அந்த இரண்டாம் பேரரசு கவிழ்ந்ததும், 1871இல் இந்தியாவின் இடம் திரும்பி வந்தது. 1875இல் செனட் சபை அமைத்தபோது 300 பேரில் மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், பிரெஞ்சிந்தியா நான்குக்கும் ஆளுக்கொரு செனட்டர் கொடுத்தார்கள். கீழவையில் ஒன்று, மேலவையில் ஒன்று. இன்றைக்கு மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று. நூற்றைம்பது வருஷத்தில் கொடியும் மொழியும் தலைநகரமும் மாறிவிட்டன, கணக்கு மட்டும் மாறவில்லை.

அந்த ஒன்றில் யார் உட்கார்ந்தார்கள் என்பது அவ்வளவு பெருமையான கதை இல்லை. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள். அவர்கள் அனுப்பிய ‘தெப்புத்தே’க்கள் (பழைய ஆட்கள் வாயில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அதுதான் பெயர்) நெடுங்காலம் பிரான்ஸ்காரர்களே. பியேர் அலிப் என்பவர் 1881 முதல் 1898 வரை இந்தியாவின் உறுப்பினர். இங்கே பெட்டிகளை நிரப்பிக் கொடுக்க உள்ளூர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். நாடு சண்முக வேலாயுத முதலியாரின் கண்ணசைவில்லாமல் யாரும் பாரிஸுக்குப் போக முடியாது என்ற காலம் ஒன்று உண்டு. ஒரே இடம் என்றால் ஒரே ஆளைப் பிடித்தால் போதும். மூன்று இடம் இருந்திருந்தால் மூன்று பேரைச் சரிக்கட்ட வேண்டியிருந்திருக்கும், சண்டையாவது நடந்திருக்கும். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

மாமாவின் அப்பா ஓட்டுப் போட்டது 1951இல். அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் எதுவார் குபேர். மாமாவுக்கு அப்போது பத்து வயது. அவருக்கு நினைவிருப்பது வேட்பாளர் இல்லை. மாட்டு வண்டி, சாராயம், தடி. “ஓட்டுன்னா அன்னிக்கு யாரும் வூட்ட வுட்டு வெளிய வரமாட்டாங்க மாப்ள. எங்கப்பாரு போனதே பெருசு. போயிப் பாத்தா அவுரு ஓட்ட வேற யாரோ போட்டுட்டானாம். சண்ட போட்டு இன்னொண்ணு போட்டுட்டு வந்தாரு.” உண்மையோ, கை கால் முளைத்த கதையோ. பிரெஞ்சிந்தியத் தேர்தல்களைப் படித்தவர்கள் யாரும் இதை நம்ப முடியாது என்று சொல்லமாட்டார்கள்.

குபேருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் லாம்பேர் சரவணன். 1945இல் போனார். அவர் போன அவையில்தான், நம்முடைய இன்றைய தகராறுக்கு அண்ணன் தம்பி போன்ற ஒரு தகராறு நடந்தது. அதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

உலகப் போர் முடிந்திருக்கிறது. பிரான்ஸ் புது அரசியல் சட்டம் எழுதுகிறது. காலனி மக்களும் குடிமக்களே என்று சொல்லியாகிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து செங்கோர், லமீன் கேய், அண்டிலிஸ் தீவுகளிலிருந்து எமே செசேர் என்று ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் சிலர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். தாய்நாட்டு பிரான்ஸில் சுமார் நான்கு கோடிப் பேர். கடலுக்கு அப்பால் அதைவிட அதிகம். தலைக்கு ஒரு ஓட்டு, தலைக்கணக்கில் இடம் என்றால் பாரிஸ் அவையில் யாருக்குப் பெரும்பான்மை? 1946 ஆகஸ்ட் 27ஆம் தேதி எதுவார் எரியோ என்ற மூத்த தலைவர் எழுந்து, இப்படிப் போனால் பிரான்ஸ் தன் பழைய காலனிகளுக்கே காலனியாகிவிடும் என்றார். செங்கோர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை இனவெறி என்று சொன்னார்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்த விதம் கவனிக்க வேண்டியது. தேசிய அவையில் காலனிகளுக்கு எண்ணி வைத்த சில இடங்கள் மட்டும். பிறகு ‘பிரெஞ்சு ஒன்றியப் பேரவை’ என்று தனியாக ஒன்று. அதில் பாதி தாய்நாடு, பாதி மற்றவர்கள். சமம்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு யோசனை சொல்லும் அதிகாரம் மட்டுமே. எண்ணிக்கையைக் கொடுத்த இடத்தில் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள், அதிகாரம் இருந்த இடத்தில் எண்ணிக்கையைக் கொடுக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. இன்று நாம் தெற்கிலிருந்து பேசுவதும் எரியோ பேசியதும் ஒன்றா? தலைக்கணக்கில் போனால் எங்கள் குரல் அடிபடும் என்றுதானே நாமும் சொல்கிறோம்? பல நாள் யோசித்தேன். ஒன்றல்ல என்றுதான் படுகிறது. எரியோ ஆண்டவர்களின் பக்கத்திலிருந்து பேசினார். பயந்தது, ஏறி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இறங்க வேண்டுமே என்று. தமிழ்நாடோ கேரளமோ யாரையும் ஆண்டு இந்த இடங்களை வாங்கவில்லை. ஆனாலும் பீகாரில் ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு ஓட்டின் எடை குறைவு என்பதும் பொய்யில்லை. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதைச் சொல்லாமல் இந்த விவாதத்தில் நம் கட்சியை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

நம் கதைக்கு வருவோம். 1954 மார்ச் இறுதியில், பாரிஸ் அவையின் உறுப்பினராக இருக்கும்போதே குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றினார். அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் கூடி ஓட்டெடுத்தார்கள். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களும் சேர்த்து 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. மூன்று லட்சம் பேரின் நாடு எது என்பதை 178 பேர் ஒரு காலை நேரத்தில் முடித்தார்கள். அவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தேர்தலில் ஜெயித்தவர்கள் என்பதுதான் அந்த முடிவுக்கு இருந்த ஒரே தகுதி. இருந்தாலும் அது பெரிய தகுதி.

நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை ஏற்று, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடியும்வரை நாம் அந்தரத்தில் நின்றோம். குபேரின் பாரிஸ் பதவிக்காலம் முடிந்ததும் அங்கே நம் இடம் போயிற்று. டில்லியில் இன்னும் வரவில்லை. இந்தச் சில வருஷங்கள் நம் எண் சுழியமாக இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. விடுதலை வந்த சந்தோஷத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை போலிருக்கிறது.

பிறகு நமக்கு இடம் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 1962இன் பதினான்காவது திருத்தம். யூனியன் பிரதேசங்களுக்கு மக்களவையில் அதிகபட்சம் 20 என்றிருந்ததை 25 ஆக்கியது. மூன்றாவது மக்களவையில் புதுச்சேரியின் முதல் உறுப்பினர் உட்கார்ந்தார். 1961 கணக்கெடுப்பில் நாம் 3,69,079 பேர். அப்போது நாட்டில் ஒரு எம்.பி.க்குச் சராசரியாக ஒன்பது லட்சம் பேர் வருவார்கள். அதாவது நம் ஓட்டுக்கு இரண்டு ஓட்டின் எடைக்கும் மேல். யாரும் முறைக்கவில்லை. சின்ன இடத்துக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது அன்றைக்கு இயல்பான நியாயமாக இருந்தது. யூனியன் பிரதேசங்களுக்கு மக்கள்தொகை விகிதம் இன்றும் கட்டாயமில்லை, நாடாளுமன்றம் சட்டம் போட்டு முடிவு செய்கிறது. அறுபது லட்சத்துக்குக் குறைவான மாநிலங்களுக்கும் அந்தச் சலுகை உண்டு. ஆக, ‘தலைக்கணக்கு மட்டுமே ஜனநாயகம்’ என்று சொல்பவர்களுக்கு நம் அரசியல் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

அந்தச் சட்டம் எழுதியவர்கள் தொடக்கத்தில் வைத்த கணக்கு இது: அவை 500க்கு மேல் போகக்கூடாது, ஏழரை லட்சம் பேருக்கு ஒருவராவது வேண்டும், ஐந்து லட்சம் பேருக்கு ஒருவருக்கு மேல் கூடாது. முதல் மக்களவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 489. மக்கள் பெருகினார்கள், 1952இலேயே அந்த ஏழரை லட்சத்தை விட்டுவிட வேண்டியதாயிற்று. 1973இல் மாநிலங்களுக்கு 525, பிரதேசங்களுக்கு 20 என்று உச்சவரம்பு 545 ஆனது. 1976இல் நாற்பத்திரண்டாவது திருத்தம் கணக்கையே உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் நன்றாக நடந்த மாநிலம் இடம் இழக்கக்கூடாது என்பது காரணம். 1961 கணக்கை வைத்துச் சென்னை மாநிலம் 41இலிருந்து 39க்கு இறங்கிய அடி அப்போது ஆறியிருக்கவில்லை. 2001 வரை என்று போட்ட உறைவை எண்பத்து நான்காவது திருத்தம் 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஐம்பது வருஷம் மூடி வைத்த பானையை இப்போது திறக்கப் போகிறார்கள்.

டில்லியில் புதுக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். எந்த மாநிலத்துக்கும் இப்போதுள்ளது குறையாமல் பார்த்துக்கொண்டால் 848 பேர் தேவைப்படும், உத்தரப்பிரதேசத்துக்கு 143, தமிழ்நாட்டுக்கு 49, கேரளத்துக்கு அதே 20 என்று ஒரு கணிப்பு பல வருஷமாகச் சுற்றுகிறது. எஸ்தோனியாவைச் சேர்ந்த ரெய்ன் தாகெபெரா என்ற அறிஞர் 1972இல் ஒரு விதி சொன்னார்: உலகின் அவைகளைப் பார்த்தால் உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய மக்கள்தொகையின் கனமூலமாக இருக்கிறது என்று. 2011 மக்கள்தொகைக்கு அது 1066 வரும். அதே விதியைப் புதுச்சேரி சட்டமன்றத்துக்குப் போட்டுப் பார்த்தேன், 108 வந்தது. இருப்பது முப்பது. முப்பதுக்கே சட்டசபை வாசலில் கார் நிறுத்த இடமில்லை என்றார் கூட இருந்த ஒருவர்.

எனக்கு ஆயிரம் பேர் அவைமேல் பயமில்லை. ஆனால் பதினேழாவது மக்களவை ஐந்து வருஷத்தில் கூடியது மொத்தம் 274 நாள். இந்த நாட்களை வைத்துக்கொண்டு நாற்காலிகளை மட்டும் கூட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் கிடைக்கும் நிமிஷம் குறையும். கட்சிக்குள் முப்பது நாற்பது பேர் இருப்பவன் நேரத்தைப் பகிர்ந்துகொள்வான். ஒற்றை ஆள் என்ன செய்வான்?

நம் கணக்கைப் போடுவோம். 2011இல் புதுச்சேரி 12,47,953 பேர். நாட்டின் சராசரி ஒரு எம்.பி.க்கு 22 லட்சம். இன்னும் நமக்கு எடை கூடுதல்தான். 888 ஆனால் சராசரி பதின்மூன்றரை லட்சத்துக்கு இறங்கிவிடும். நாமும் மற்றவர்களும் ஒன்று. நமக்கு இரண்டாவது இடம் வர வேண்டுமானால் அவை 1450 பேருக்கு மேல் போக வேண்டும். அதெல்லாம் நடக்காது. 543இல் ஒன்று, 888இல் ஒன்றாகும். அவ்வளவுதான்.

‘ஒன்று’ என்பதன் பாரம் வேறு சில இடங்களில் தெரிகிறது. நம் எம்.பி. கிருமாம்பாக்கத்துக்கு மட்டும் ஆள் இல்லை. காரைக்காலுக்கும், கேரளக் கரையில் மாஹேக்கும், கோதாவரிப் பக்கம் ஏனாமுக்கும் அவர்தான். மூன்று மொழி, மூன்று மாநிலங்களின் நடுவே. 1963இலிருந்து இந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. ஆறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்த்தப்பட்டோர் இருக்கும் ஊர் இது. சட்டமன்றத்தின் முப்பதில் ஐந்து தனித்தொகுதி, அதில் ஒன்று நம் ஏம்பலம். மக்களவையில் தனித்தொகுதி கிடையாது. ஒன்றை எப்படிப் பங்கிடுவது? இரண்டு இருந்தால்தான் ‘நீ ஒன்று, நான் ஒன்று’ என்ற பேச்சே தொடங்கும்.

இதையெல்லாம் ஒரு நாள் மாமாவிடம் சொன்னேன். பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. கடைசியில், “அத்த வுடு. இங்க இருந்தவங்கள என்னா பண்ணாங்க?” என்றார்.

அவர் கேட்டது பஞ்சாயத்தைப் பற்றி. 1880இலேயே பிரெஞ்சுக்காரன் பாகூரை ஒரு கொம்யூனாக்கித் தேர்தல் வைத்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழித்து, 2006இல். ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன் பஞ்சாயத்து, 98 கிராமப் பஞ்சாயத்து. 2011இல் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. டில்லியில் 543ஆ 888ஆ என்று கேட்கிறார்கள். வாய்க்கால் அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் நம்மூரில் ஓட்டு வாங்கிய ஆள் எத்தனை என்றால், சுழியம்.

மாமாவின் தம்பி பெண்டாட்டி 2006இல் வார்டு மெம்பராக ஜெயித்தவர். ஜெயித்த கையோடு பெயரும் வார்டு எண்ணும் போட்டு லெட்டர்பேட் அடித்திருந்தார், நாலு கட்டு. போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். இன்னும் ஒரு கட்டு மிச்சமிருக்கிறது. அதன் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்: துவரம்பருப்பு ஒண்ணு, சர்க்கரை ரெண்டு, நல்லெண்ணெய் அரை.